கூட யார் வந்திருக்கிறார்கள்?



இந்த மண்டபத்திலிருந்து நடக்கிற தூரத்தில் அல்சூர் ஏரி. ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை. 1991-இல் செய்து முடித்து நிறுத்திய சிலை அது. திறந்தது எப்போது? 2009 ஆகஸ்ட் 9. பதினெட்டு வருடம்! அந்தப் பதினெட்டு வருடமும் சிலை அங்கேதான் இருந்தது, ஆனால் மூடியிருந்தது. செய்து வைத்த ஒன்று கண்ணெதிரே மூடிக் கிடந்தால் மனசு என்ன பாடுபடும் என்று இந்த ஊர்த் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றைக்கு நான் பேச வந்ததும் அப்படி மூடிக் கிடக்கிற ஒன்றைப் பற்றித்தான். வசதியில்லாத வயதானவர்களுக்கு அரசாங்கம் தருகிற மருத்துவக் காப்பீடு. திட்டம் இருக்கிறது. சட்டதிட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரி இருக்கிறது, கட்டிலும் இருக்கிறது. நம் தெருக் கோடியில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. முப்பது வருடம் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்தவன். இந்த விஷயத்தில் எனக்குள்ள தகுதி அது ஒன்றுதான்.

எங்கள் தெருவில் ஒரு ஆயா. பெயர் வேண்டாம், ஆயா என்றே சொல்கிறேன். நாற்பது வருடம் வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டியவர். கணவர் கட்டட மேஸ்திரி, போய்ச் சேர்ந்துவிட்டார். ஆயாவுக்கு இடது முழங்கால் தேய்ந்து, படி ஏற முடியாது. அந்தக் காப்பீட்டுக்காக, 'ஆயுஷ்மான் கார்டு எடுத்துக்கலாம் வா ஆயா' என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டர் மையத்தில் ஒரு பையன். கைரேகை வைக்கச் சொன்னான். ஆயா கட்டை விரலை வைத்தார். மெஷினில் சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தார், மறுபடியும் சிவப்பு. பையன் நல்ல பையன், கோபப்படவில்லை. ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னான். ஆள்காட்டி விரல், நடுவிரல், பத்து விரலும் பார்த்தாகிவிட்டது. நான் அந்த விரல்களை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். நுனிகள் தரையில் தேய்த்த கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தன. ரேகை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. நாற்பது வருட ஊதுபத்தி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சரி, கைரேகை வேண்டாம், ஓடிபி போடலாம் என்றான் பையன். ஆதாரில் இருந்த கைபேசி எண் பேரனுடையது. பேரன் அந்த சிம்மைத் தூக்கிப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. ஓடிபி யாருக்குப் போயிற்றோ, அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும்.

மூன்றாவதாக ஒன்று வந்தது. ஆயாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு 'ஒய்' வரும். ஆதாரில் அந்த 'ஒய்' இருக்கிறது, ரேஷன் கார்டில் இல்லை. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒத்துப் பார்த்து, இது ஒரே ஆள்தானா என்று சந்தேகப்படுகிறது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயருக்குள் ஒரு 'ஒய்' இருக்கிறது என்பதே அவருக்கு எழுபது வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது.

பையன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: 'நாளே பன்னி.' நாளைக்கு வாங்க.

பெங்களூர்க்காரர்களே, இந்த வார்த்தை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூறுகளில் இந்த ஊரில் ஒரு பேய்க் கதை பரவியது. ராத்திரியில் ஒரு பேய் வந்து கதவைத் தட்டுமாம், தெரிந்தவர் குரலில் கூப்பிடுமாம், திறந்தால் அவ்வளவுதானாம். அதற்காக வீட்டுக் கதவிலும் சுவரிலும் 'நாளே பா' என்று எழுதி வைத்தார்கள். பேய் அதைப் படித்துவிட்டு, சரி நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போய்விடும். மறுநாள் வந்தாலும் அதே எழுத்து, மறுபடி திரும்பிப் போகும். ஸ்ரீராமபுரத்திலும் ஓக்கலிபுரத்திலும் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் சாக்கட்டியால் நீங்களே எழுதியிருப்பீர்கள்.

அன்று பேயை விரட்ட எழுதிய வார்த்தையை இன்று யாரிடம் சொல்கிறோம்? முழங்கால் தேய்ந்த ஆயாவிடம் சொல்கிறோம். ஆயாவும் அந்தப் பேய் மாதிரியே நம்பித் திரும்பிப் போகிறார். ஒரு நாள் போவார், இரண்டு நாள் போவார், மூன்றாம் நாள் போகமாட்டார். ஆட்டோவுக்கு ஒவ்வொரு முறையும் எழுபது ரூபாய். முதியோர் பென்ஷனே மாதம் 1,200 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, கதவுக்குப் பின்னால் அப்படி என்னதான் வைத்திருக்கிறார்கள்? சும்மா சொல்லக்கூடாது, நிறையவே வைத்திருக்கிறார்கள். கர்நாடகம் இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் கிடையாது. 2003-லேயே கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்கு யஷஸ்வினி என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2010-இல் ஏழைகளுக்கு வாஜ்பாய் ஆரோக்யஸ்ரீ. அந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும், இந்தப் பேச்சில் நீங்கள் வீட்டுக்குக் கொண்டு போகவேண்டிய செய்தி அது.

ஆரோக்யஸ்ரீ முதலில் வட கர்நாடகத்தில்தான் வந்தது. அப்போது ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். திட்டம் இருந்த 300 கிராமங்கள், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் திட்டம் இல்லாத 272 கிராமங்கள். அதே மண், அதே வறுமை, அதே ஜனங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதய நோய், புற்றுநோய் என்று திட்டத்தில் அடங்கிய நோய்களால் ஏழைகள் சாகிற விகிதம், திட்டம் இருந்த கிராமங்களில் 64 சதவீதம் குறைவு! 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு இது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிழைத்தான், அந்தப் பக்கம் செத்தான்.

இது எப்படி நடந்தது? காப்பீடு என்று பேப்பரில் எழுதியதாலா? அந்தத் திட்டத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கிராமத்துக்கே போய் முகாம் போட்டார்கள். நெஞ்சு வலிக்கிறது என்றவரை அங்கேயே பார்த்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர ஏற்பாடு செய்தார்கள். வழி தெரியாதவரைத் தேடி வழி வந்தது. கூட ஒரு ஆள் வந்தார். என் கட்சி இதுதான் ஐயா. ஏழை முதியவருக்குக் காப்பீடு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும், கூட ஒரு ஆள் வருகிறாரா இல்லையா என்பதில் இருக்கிறது.

பிறகு 2018 மார்ச்சில் ஆரோக்ய கர்நாடகா வந்தது. அதே வருடம் செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத். அக்டோபர் கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று பிபிஎல் கார்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை இலவச சிகிச்சை. கோட்டுக்கு மேலே, ஏபிஎல் கார்டு என்றால் நிர்ணயித்த கட்டணத்தில் 30 சதவீதத்தை அரசு ஏற்கும், அதுவும் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரைதான். மீதி நம் கையிலிருந்து. குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை வயது என்ற கட்டுப்பாடு இல்லை. முக்கியமாக, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. தனியார் இன்ஷூரன்ஸில் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே, அந்தக் கதை இங்கே இல்லை.

2024 அக்டோபர் 29-ஆம் தேதி இன்னொன்று தொடங்கினார்கள். ஆயுஷ்மான் வய வந்தனா. எழுபது வயது நிறைந்த எல்லோருக்கும், ஏழையானாலும் பணக்காரரானாலும், வருடம் 5 லட்சம். ஏற்கெனவே ஆயுஷ்மான் குடும்பம் என்றால், அந்த வீட்டு எழுபது வயதுக்காரர்களுக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம். இதற்கு ரேஷன் கார்டு வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம். ஆதார் ஒன்று போதும்.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கார்டு எடுப்பது வேறு, ஆஸ்பத்திரியில் அந்தக் கார்டு செல்லுபடியாவது வேறு. எழுபது வயதுத் திட்டத்தின் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போடும் விஷயத்தில் கர்நாடகத்தில் இழுபறி நடந்தது. யார் பக்கம் நியாயம் என்று இந்த மேடையில் நான் பஞ்சாயத்து பண்ணப் போவதில்லை. ஆனால் நெஞ்சு வலியோடு வந்து நிற்கும் தாத்தாவுக்கு டெல்லியின் பங்கு எத்தனை, விதான சௌதாவின் பங்கு எத்தனை என்பதா கவலை? ஆகவே எந்தக் கார்டாக இருந்தாலும், அட்மிஷன் போடுவதற்கு முன்னால், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால், 'இந்தக் கார்டு இங்கே எடுக்குமா?' என்று கேட்டுவிடுங்கள்.

யாரிடம் கேட்பது? திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஆரோக்ய மித்ரா என்று ஒருவர் இருப்பார். பெயரே அதுதான், நலத் தோழன். பில் கவுண்டருக்குப் போகாதீர்கள், முதலில் அவரைத் தேடுங்கள். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? பயத்தில் நேராக ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். கேட்ட பணத்தைக் கட்டுகிறார்கள். நகையை அடகு வைக்கிறார்கள். நாலாம் நாள் யாரோ சொல்லி, கார்டை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். அதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. கட்டிய பணத்தைப் பிறகு ரசீது காட்டி வாங்குகிற திட்டம் இல்லை இது. முதலிலேயே கட்டாமல் இருப்பதற்கான திட்டம்.

இன்னொரு முக்கியமான விதி. இந்த ஒன்று தெரியாமல் திரும்பி வந்தவர்கள்தான் அதிகம். கர்நாடகத்தில் முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அல்சூர், இந்திராநகர் பக்கம் என்றால் சர் சி.வி.ராமன் ஆஸ்பத்திரி. சிவாஜிநகர் என்றால் பௌரிங். மல்லேஸ்வரம், ஸ்ரீராமபுரம் என்றால் கே.சி.ஜெனரல். அங்கே செய்ய முடிந்ததை அங்கேயே செய்வார்கள். முடியாததற்கு ரெஃபரல் லெட்டர் தருவார்கள். அந்த லெட்டரோடு போனால்தான் தனியார் ஆஸ்பத்திரியில் கார்டு வேலை செய்யும். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் மட்டும் லெட்டர் தேவையில்லை, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போகலாம். ராத்திரி இரண்டு மணிக்கு மாரடைப்பு வந்தவரை ரெஃபரல் லெட்டர் வாங்கி வா என்று யாராவது சொன்னால், அது தவறு. 104-க்கு போன் போடுங்கள், இல்லாவிட்டால் 14555.

கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதய நோய்க்கு ஜெயதேவா, புற்றுநோய்க்கு கித்வாய், மூளை நரம்புக்கு நிம்ஹான்ஸ். மூன்றும் அரசு நிறுவனங்கள். நாலு மாநிலத்து ஜனங்கள் ரயிலேறி அங்கே வருகிறார்கள். நாம் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு முகம் சுளிக்கிறோம்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் காப்பீடு படுக்கையில் சேர்த்தால்தான். வெளிநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்ப்பதற்கும், மாதா மாதம் வாங்கும் பிரஷர் மாத்திரைக்கும் இதில் பணம் கிடையாது. வயதானவர்களுக்குத் தினசரிச் செலவே அந்த மாத்திரைதானே? பக்கவாதம் வந்த பிறகு 5 லட்சம் வரை தருகிறவர்கள், அது வராமல் தடுக்கிற மாத்திரைக்கு ஒன்றும் தராதது எனக்குப் பெரிய பிழையாகப் படுகிறது. கொஞ்சம் ஆறுதல், வார்டு வார்டாக வந்திருக்கும் நம்ம கிளினிக். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் திறக்கத் தொடங்கினார்கள். அங்கே சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரையும் இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் வார்டில் அது எந்தத் தெருவில் இருக்கிறது? கை தூக்குங்கள் பார்க்கலாம். பாருங்கள், பத்துக் கை கூட வரவில்லை.

இப்போது முன்வரிசைத் தாத்தாக்களிடம் ஒரு கேள்வி. உங்களில் எத்தனை பேர் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ கட்டியவர்கள்? பின்னி மில்லில் இருந்தவர்கள், பீன்யா பட்டறைகளில் லேத் ஓட்டியவர்கள், ஓசூர் ரோடு கார்மென்ட்ஸில் தையல் போட்டவர்கள்? சம்பளத்தில் மாதா மாதம் இஎஸ்ஐ பிடித்தார்கள், ரிட்டயர் ஆனதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முடியவில்லை ஐயா! குறைந்தது ஐந்து வருடம் இஎஸ்ஐயில் இருந்து, ஓய்வு வயது வரை வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் போதும். அவருக்கும் அவர் மனைவிக்கும் இஎஸ்ஐ மருத்துவம் தொடரும். மாதம் 120 இல்லை, வருடம் 120. இந்திராநகரில் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி, ராஜாஜிநகரில் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி. கம்பெனி மூடிவிட்டதே, சான்றுக்கு எங்கே போவது என்பார்கள். பழைய இஎஸ்ஐ நம்பர் இருந்தாலே பாதிக் காரியம் முடிந்த மாதிரி. டிரங்குப் பெட்டியைத் திறந்து தேடுங்கள். கல்யாணப் பத்திரிகைக்கு அடியில் இருக்கும்.

டிரங்குப் பெட்டி என்றதும் கோலார் தங்கவயல் ஞாபகம் வருகிறது. இந்த மண்டபத்தில் தங்கவயல்காரர்கள் இல்லாமல் இருக்க முடியாது. பூமிக்கடியில் இறங்கிப் பாறைத்தூளை மூச்சில் வாங்கியவர்கள் நம் அப்பாக்கள். சுரங்கம் ஓடியவரைக்கும் கம்பெனிக்கென்று ஆஸ்பத்திரி இருந்தது. யார் ஏழை, யாருக்குக் கார்டு என்ற கேள்வியே அங்கே இல்லை. சுரங்கத்தில் வேலை பார்ப்பவன், அவன் வீட்டுக்காரர்கள், அவ்வளவுதான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். வேலை போயிற்று, அதோடு அந்த ஆஸ்பத்திரி உரிமையும் போயிற்று. நெஞ்சுக்குள் போன தூசி மட்டும் போகவில்லை. பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். அப்பா அங்கே தனியாக. கார்டு சமாசாரத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக யார்? பிள்ளைகள் திரும்பி ரயிலைவிட்டு இறங்கும்போது ராத்திரி ஒன்பது.

அதனால்தான் சொல்கிறேன், நோய் வருவதற்கு முன்னால் காகிதத்தைச் சரி செய்யுங்கள். திருப்பிச் சொல்கிறேன், நோய் வருவதற்கு முன்னால். ஆம்புலன்ஸில் வைத்துக்கொண்டு 'ஒய்' சேர்க்க முடியாது.

காகிதத்தில் நமக்கென்றே சில வியாதிகள் உண்டு. தமிழனுக்கு இனிஷியல் வியாதி. ஒரு கார்டில் அப்பா பெயர் முன்னால் எழுத்தாக இருக்கும், இன்னொன்றில் பின்னால் முழுப் பெயராக விரிந்திருக்கும், மூன்றாவதில் கணவர் பெயர் வந்து உட்கார்ந்திருக்கும். மூன்றும் ஒரே பெண்மணி. ஆதாரில் பெயரை இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு தடவை. அதனால் அவசரப்பட்டு மாற்றி அந்த வாய்ப்பைத் தொலைத்துவிடாதீர்கள். எதை எதோடு ஒப்பிடப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

அடுத்தது வயசு வியாதி. ஆதார் எடுக்கும்போது 'எத்தனை வயசு பாட்டி?' என்று கேட்டிருப்பான். பாட்டி, 'என்னமோ அறுபது இருக்கும்' என்றிருப்பார். அவன் ஜனவரி 1 என்று ஒரு தேதியைத் தட்டியிருப்பான். இந்த ஊரில் ஜனவரி முதல் தேதி பிறந்த கிழவிகளை எண்ணி மாளாது! நிஜத்தில் எழுபத்து நாலு வயதுப் பாட்டி ஆதாரில் அறுபத்தாறு. இன்னும் நாலு வருடம் இளமையோடு அவர் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது எனக்கு மிகவும் மனசு கஷ்டமானது. மகனுக்குக் கல்யாணம் ஆகித் தனி ரேஷன் கார்டு வாங்குகிறான். அதில் அம்மா பெயர் இல்லை. மகள் புருஷன் வீட்டுக் கார்டில் இருக்கிறாள். பழைய கார்டு கேன்சல். அம்மா எந்தக் கார்டிலும் இல்லை. ஒரு வீட்டில் சாப்பிடுகிறார், இன்னொரு வீட்டில் தூங்குகிறார், அரசாங்கத்தின் கணக்கில் எந்த வீட்டிலும் இல்லை. தம்பிமார்களே, இன்று ராத்திரி வீட்டுக்குப் போய் ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் அம்மா அதில் இருக்கிறாரா?

கைரேகை விழாதவர்களுக்கு வழி இல்லையா? இருக்கிறது. கருவிழியை வைத்துப் பார்க்கலாம், முகத்தை வைத்துப் பார்க்கலாம். ஆயுஷ்மான் செயலியிலேயே முகம் காட்டிப் பதிவு செய்ய முடியும். ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று கேட்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆயாவுக்கு அது தெரியாது. அன்றைக்கு எனக்கும் தெரியாது, அதுதான் வெட்கம். முப்பது வருடம் கவுண்டரில் இருந்தவன், அந்தப் பையன் சொன்ன 'நாளே பன்னி'யைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்தேன். மூன்றாவது நடையில்தான் முகம் காட்டிக் கார்டு எடுத்தோம்.

படித்த நாட்டில் இதெல்லாம் இருக்காது என்று யாராவது நினைத்தால், அமெரிக்காவைப் பாருங்கள். 1965 ஜூலை 30-ஆம் தேதி ஜான்சன் என்ற ஜனாதிபதி அங்கே முதியவர்களுக்கு மெடிகேர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முதல் கார்டு யாருக்கு? ட்ரூமன் என்ற பழைய ஜனாதிபதிக்கு, அப்போது வயது 81. கையெழுத்துப் போட ஜான்சன் அவர் ஊருக்கே போயிருந்தார். ஜனாதிபதியே ஊர் தேடி வந்து கார்டு கொடுத்தால் யாருக்குத்தான் சுலபமாக இருக்காது? மற்றவர்களுக்கு அப்படி இல்லை. பாரங்களின் சிக்கலைப் பார்த்து, 1990-இல் அங்கே தனியாகவே ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் முதியவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லி, விண்ணப்பிக்க உதவ அரசுப் பணத்தில் ஆட்கள். அவர்களில் பல பேர் தொண்டர்கள், தாங்களே ரிட்டயர் ஆனவர்கள். இங்கே இத்தனை ரிட்டயர் ஆன வாத்தியார்களும் வங்கிக்காரர்களும் தபால்காரர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்க்கில் வாக்கிங் போய்விட்டு வந்து பேப்பர் படிக்கிறீர்கள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மொழி ஒரு தடை என்பார்கள். நம் பாட்டிகளின் கன்னடம் காய்கறிக் கடை வரைக்கும்தான் போகும், ரெஃபரல் லெட்டருக்குப் போகாது. ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கன்னடத்தில் பாட்டே பாடுகிறீர்கள். அந்தக் கன்னடம் ஒரு கியூவில் ஒரு மணி நேரம் நிற்கட்டும். இந்த ஊர் நமக்குச் சோறு போட்ட ஊர். கன்னடத்தில் மரியாதையாக நாலு வார்த்தை பேசிப் பாருங்கள், அந்தக் கவுண்டரே வேறு கவுண்டராக மாறும்.

ஆயா கதையை முடித்துவிடுகிறேன். கார்டு வந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆரோக்ய மித்ரா மேசைக்கு முன்னால் ஆயாவை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஒரு கேள்வி கேட்டாள். 'ஜொதெகெ யாரு பந்திதாரே?' கூட யார் வந்திருக்கிறார்கள்? ஆயா என்னைக் கையைக் காட்டி, 'நம்ம பையன்' என்றார். எனக்கு அறுபத்து மூன்று வயது. ஆபரேஷனுக்கு இன்னும் தேதி வரவில்லை, வரிசையில் இருக்கிறோம். தேதி வந்தால் கூடப் போவேன்.

இதைக் கேட்டு நீங்கள் கை தட்டுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் எனக்கு வேண்டியது கைதட்டல் இல்லை, உங்கள் சனிக்கிழமை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அதுவும் அரை நாள். ஒரு முதியவரின் ஆதார், ரேஷன் கார்டு, பழைய இஎஸ்ஐ சீட்டு, ஆதாரில் பதிந்த கைபேசி எண், இந்த நாலையும் எடுத்துப் பாருங்கள். பெயர் ஒத்துப் போகிறதா, வயசு சரியா, சிம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரோடு கிளம்புங்கள். 'நாளே பன்னி' என்று சொன்னால், நாளைக்கும் நீங்களே அவரோடு போய் நில்லுங்கள்.

வெளியே வாசலுக்கு இடது பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறது. அதில் ஒரு கோடு போட்ட நோட்டு. இடப்பக்கத்தில் துணை வேண்டியவர்கள் பெயர், வலப்பக்கத்தில் துணைக்கு வருகிறவர்கள் பெயர். கூட்டம் தொடங்கும் முன் எட்டிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் பதினொரு பெயர் இருந்தது. வலப்பக்கத்தில் ஒன்று, அது என் கையெழுத்து. டீ குடிக்கப் போகிற வழியில்தான் அந்த மேசை. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.